அல்போன்சம்மாளின் இடது கை

தவறு எங்கே நடக்கும் என்று தேடுவதுதான் என் வேலை. மென்பொருள் நிறுவனமொன்றில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கரூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து ஆறு வருடமாகிறது. வேலை அனுமதி புதுப்பிக்கும் மாதம் வந்தால் இன்னமும் எனக்குச் சாப்பாடு இறங்காது. கதவைப் பூட்டினேனா என்று லிப்டு வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிற ஆள். அப்படிப்பட்ட நான்தான் போன சனிக்கிழமை தப்பான பையைத் தூக்கிக்கொண்டு சுவா சூ காங் வரைக்கும் போனேன்.

பை என்னுடையதல்ல, நான் ஆன்ட்டி என்று கூப்பிடும் அல்போன்சம்மாளுடையது. புக்கிட் மேராவில் அவர் வீட்டில் ஓர் அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். வயது எழுபத்து நான்கு. உயரம் என் தோள் வரைக்கும்தான். ஐம்பத்தோரு வருடமாக பௌலிங் ஆடுகிறார்; கிரிக்கெட் அல்ல, கனமான பந்தை உருட்டி 'பின்' எனும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம்.

ஆரம்பித்த கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். எழுபத்து மூன்றில் ரேடியோ பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள், கொஞ்சம் கை கால் அசையட்டும் என்று நிர்வாகம் ஒரு சாயங்காலம் எல்லாரையும் பௌலிங் கூடத்துக்கு அழைத்துப் போனது. இவர் பந்தின் துளைகளுக்குள் விரலை விட்டார். வீசினார். விரல் வெளியே வரவில்லை. பந்தோடு சேர்ந்து இவரும் கோட்டைத் தாண்டிப் போய், பந்து உருளும் எண்ணெய் பூசிய பாதையில், லேன் என்பார்களே, அதில் குப்புற விழுந்தார்.

"மொத்த பாக்டரியும் சிரிச்சுச்சு மா. அங்கேயே படுத்துக்கிட்டே முடிவு பண்ணிட்டேன். இவ்ளோ பேர் சிரிச்ச எடத்துல இவ்ளோ பேரும் கை தட்டணும்."

தட்டினார்கள். ஆறே மாதத்தில் தொழிற்சாலை அணியில் சேர்ந்தார். பெண் பார்க்க வந்த இயேசுதாசனிடம், சனிக்கிழமை மட்டும் எனக்கு, மற்ற ஆறு நாளும் உங்களுக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர், சத்தம் என்றாலே தலைவலி. 'நான் அங்க வர வேண்டியதில்லையே?' என்று மட்டும் கேட்டாராம். ஒப்பந்தம் முடிந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமை மீன் குழம்பு இயேசுதாசன் அங்கிள் கைவண்ணம். மனைவி ஆடி ஒருநாளும் அவர் பார்த்ததில்லை.

மகன் டெஸ்மண்ட் பிறப்பதற்கு மூன்று வாரம் முன்புவரை ஆன்ட்டி ஆடியிருக்கிறார். எண்பத்தொன்பதில் ஒரே ஆட்டத்தில் 256 எடுத்திருக்கிறார். முந்நூறுதான் உச்சம் என்பதால் அது எவ்வளவு பெரிது என்று எனக்கே புரிந்தது.

எழுபதாவது வயதில், மழை நாளில் மார்க்கெட்டிலிருந்து வரும்போது வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு இரண்டாக உடைந்தது. தகடு வைத்து ஆறு திருகு போட்ட டாக்டர், 'இனிமேல் பௌலிங்கை மறந்துவிடுங்கள்' என்றார்.

ஆன்ட்டி கேட்ட ஒரே கேள்வி: "எந்தக் கையால?"



கட்டுப் பிரிப்பதற்குள்ளாகவே இடது கையால் பல் துலக்க ஆரம்பித்தாராம். சாமான் பட்டியல் எழுதுவதும் குழம்பு பரிமாறுவதும்கூட இடது கையால்தான். அங்கிள் தட்டுக்கு வர வேண்டிய குழம்பு மேசைக்கும் சட்டைக்கும் போனது. இடது கைக்கு அளவெடுத்துத் துளையிட்ட புதுப் பந்து ஒன்று வாங்கினார். முதல் நாள் 41. ஐந்து வயதுப் பிள்ளைகூட அதைவிட அதிகம் எடுக்கும். அன்று வீட்டுக்கு வந்து, "நாப்பத்தொண்ணு! சூப்பர் லா! இனிமே ஏறத்தானே செய்யணும்?" என்று அவர் குதித்ததை நானே பார்த்தேன்.

அவருடைய அணிக்குப் பெயர் 'தேக்கா த்ரீ'. மூன்று பேரும் வாரம் ஒருமுறை தேக்கா மார்க்கெட்டில் தோசை சாப்பிடுவதால் அந்தப் பெயர். கேப்டன் சுப்பிரமணியம் பேருந்து நிறுவனத்தில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் முகைதீன், டாக்சி ஓட்டியவர். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கான லீக்கில் ஆடுகிறார்கள். ஆன்ட்டி 41 எடுத்த காலத்திலும் கேப்டன் அவர் பெயரை நீக்கவில்லை. அதுதான் ஆன்ட்டிக்கு உறுத்தியது.

சீசன் ஆரம்பத்தில், தேக்காவில் தோசைத் தட்டுக்கு முன்னால் வைத்து அவரே அறிவித்தார்.

"கடைசி நாள் மூணு கேம். மொத்தம் முந்நூத்தறுபது வரலன்னா நானே வெலகிக்கிறேன். யாரும் பாவம் பாத்து எனக்கு எடம் குடுக்க வேணாம்."

"யாருக்கா பாவம் பாத்தா?" என்றார் கேப்டன்.

"நீதான் தம்பி. உன் மூஞ்சியில எழுதியிருக்கு."

அவர் சொன்னால் சொன்னதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் விலகினால் சேர்வதற்கு ஜெய் என்றொருவர் தயாராக இருந்தார். ஐம்பத்தெட்டு வயது, சராசரி நூற்றெழுபது.

போன சனிக்கிழமைதான் அந்தக் கடைசி நாள்.

ஆன்ட்டி விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு அங்கிருந்தே கேப்டன் காரில் போவதாக ஏற்பாடு. கனமான பையை அவர் தூக்கக் கூடாது என்பதால் ஒரு வருடமாக அது என் பொறுப்பு. சாமான் அறையில் இருந்த கறுப்புப் பையைத் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். ரெட்ஹில்லில் ரயில் ஏறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறினேன். பை இருக்கிறதா என்று ஒவ்வொரு நிலையத்திலும் குனிந்து பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கவில்லை.

சுவா சூ காங் பௌலிங் கூடத்தில் ஆன்ட்டி ஜிப்பைத் திறந்தார்.

"அலாமா! நிரஞ்சனா, இது பழைய பந்து மா. வலது கைப் பந்து!"

அதே மாதிரி இன்னொரு கறுப்புப் பை பின்னால் இருந்திருக்கிறது. நாலு வருடமாக ஒருவரும் தொடாத பந்து. அடுத்தவர் செருப்பைக்கூடப் போட்டு நடக்கலாம், அடுத்த கைக்குத் துளையிட்ட பந்தை வீச முடியாது. விரல் சிக்கும், இல்லையென்றால் நழுவும். வீட்டுக்குப் போய் வர ஒன்றரை மணி நேரமாகும். அங்கிளை அழைத்தேன். பாடகர் குழுப் பயிற்சி, போன் அணைந்திருந்தது.

"ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி, நான் வந்து…"

அவர் சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "விடு மா. இவ்ளோ பெரிய நாள்ல ஒரு கோளாறு இல்லன்னாதான் எனக்குப் பயமா இருக்கும்." நேராகப் பொதுப் பந்துகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போனார். எந்தக் கைக்கும் பொதுவாகத் துளையிட்ட, பிறந்தநாள் விழாவுக்கு வரும் பிள்ளைகள் உருட்டும் பந்துகள். அதில் ஒன்று எட்டு பவுண்டு, ரோஸ் நிறம், உடம்பெல்லாம் கீறல். அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா, இது என்னா, பர்த்டே கேக்கா?" என்றார் முகைதீன்.

"ஆமா. மெழுகுவத்திய நீ ஊது."

முதல் ஆட்டம் 101. அவருடைய சொந்தப் பந்து கடைசியில் வலப்பக்கமாக வளைந்து பின்களின் நடுவே புகும். இந்த ரோஸ் பந்து வளையவே மாட்டேன் என்றது. "நேரா போவுது பாரு, கான்வென்ட் பொண்ணு மாதிரி!" என்று திட்டினார் ஆன்ட்டி. கட்டைவிரல் துளையும் பெரிது. முகைதீன் தன் பையிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்து, துளைக்குள் மூன்று துண்டு ஒட்டிக் கொடுத்தார். ஆன்ட்டி நிற்கும் இடத்தை நான்கு தரைப்பலகை தள்ளி மாற்றிக்கொண்டார். இரண்டாவது ஆட்டம் 117.

அதற்கு நடுவில் அங்கிள் போனை எடுத்தார். நான் அழாத குறையாகச் சொன்னேன். "பந்துதானே? இரும்மா, வர்றேன்," என்று வைத்துவிட்டார்.

இரண்டு ஆட்டமும் சேர்த்து 218. மூன்றாவது ஆட்டத்தில் 142 வேண்டும். நான் வாயைத் திறந்ததும் கேப்டன் கையை உயர்த்தினார்.

"எவ்ளோ வேணும்னு சொல்லக் கூடாது. அது இங்க ரூல்."

எழுதாத விதியாம். யாருக்கு எத்தனை தேவை என்று ஆடுகிறவர் காதில் விழக் கூடாது. நான் போனில் கணக்குப் போட்டு, திரையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆட்டத்தில் டேப்பு போட்ட பந்து அவர் கையில் ஒட்டிக்கொண்டது. ஓர் ஆட்டத்துக்குப் பத்துக் கட்டம், கட்டத்துக்கு இரண்டு வீச்சு. முதல் கட்டத்திலேயே இரண்டு வீச்சில் பத்துப் பின்னும் காலி. அதற்கு ஸ்பேர் என்று பெயர், அடுத்த வீச்சில் விழுவதும் கூடச் சேரும். நான்காவது கட்டத்தில் ஒரே வீச்சில் பத்தும் சாய்ந்தன. ஸ்ட்ரைக்! பக்கத்து லேனில் ஆடிய எதிரணிக்காரர்கள் வரிசையாக வந்து அவர் இடது கையில் தட்டினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ஜெய்யும் எழுந்து வந்து தட்டினார். தன் இடத்தைத் தானே தட்டி அனுப்புகிற மனிதர்!

ஒன்பதாவது கட்டத்தில் மறுபடியும் ஸ்பேர். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு இயேசுதாசன் அங்கிள் உள்ளே வந்தார். ஒரு கையில் கறுப்புப் பை, இன்னொரு கையால் ஒரு காதைப் பொத்தியிருந்தார்.

"அல்போன்சு! இந்தா, சரியான பை. தெறந்து பாத்துதான் கொண்டாந்தேன்."

ஆன்ட்டி திரும்பிப் பார்த்தார். ஐம்பது வருடத்தில் முதல் முறை. "நீங்களா? இங்கயா?" என்றார். முகம் சிவந்துபோனது. பிறகு அவசரமாகப் பந்தை எடுத்துத் துடைத்தார். நீல நிறம், அவர் கைக்கே பிறந்தது போன்ற பந்து.

கடைசிக் கட்டம். நான்கு அடி எடுத்து வைத்தார், கை ஊஞ்சல் போல் போய் வந்தது. நீலப் பந்து ஓரமாக உருண்டு, கடைசியில் வளைந்து, நடுவில் போய் இடித்தது. ஒன்பது விழுந்தன.

ஒன்று நின்றது. பின்வரிசையில் இடது மூலை.

கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார். இடது கைக்கு மாறிய நாளிலிருந்து ஆன்ட்டியின் பரம விரோதி அந்த மூலைதான். அவர் பந்து மூலைக்குப் போவது போலப் போகும், கிட்டே நெருங்கியதும் வலப்பக்கம் விலகிவிடும். என் போன் சொன்னது: விட்டால் மொத்தம் 357, மூன்று குறைவு. அடித்தால் இன்னொரு வீச்சு உண்டு, அதில் இரண்டு பின் சாய்ந்தால் போதும்.

நீலப் பந்து திரும்பி வந்தது. ஆன்ட்டி அதன் மேல் கை வைத்தார். எடுக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ரோஸ் பந்தைப் பார்த்தார்.

"அக்கா, ஒங்க பந்து இருக்கே!" என்று முகைதீன் கிசுகிசுத்தார்.

"அது வளையும் தம்பி. இது கான்வென்ட் பொண்ணு. நேராதான் போவும்."

ரோஸ் பந்தைத் தூக்கினார். அங்கிள் தன்னை மறந்து காதிலிருந்து கையை எடுத்தார். நான்கு அடி. பந்து குறுக்கே, ஒரு கோடு கிழித்தது போல, மூலையை நோக்கிப் போனது. போய்க்கொண்டே இருந்தது. எட்டு பவுண்டுக்கு அவ்வளவு மெதுவாகப் போக முடியும் என்று எனக்குத் தெரியாது. ஓரத்துக் கால்வாயில் விழப்போகிறது என்று நினைத்தேன். விழவில்லை. மூலைப் பின்னின் இடுப்பில் டக்கென்று தட்டிச் சாய்த்தது.

என் வாயிலிருந்து வந்த சத்தம் கரூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

கடைசி வீச்சில் ஏழு விழுந்தன. மொத்தம் 365! ஆன்ட்டி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, திருகு போட்ட கையையும் சேர்த்துத்தான், லேனின் முனையில் ஒரு சுற்றுச் சுற்றினார். கேப்டன் சட்டைப் பையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்து நீட்டினார். அடுத்த சீசனுக்கானது. சுப்பிரமணியம், முகைதீன் என்று இரண்டு பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. மூன்றாவது வரியில் ஆன்ட்டி இடது கையால், வரிக்கு மேலும் கீழும் எழுத்து அலைய, தன் பெயரை எழுதினார்.

"எழுத்து ஆடுதேக்கா," என்றார் கேப்டன்.

"சந்தோஷத்துல ஆடுது. நீ போய் ஜெய்க்குச் சூடா ஒரு கப் தே வாங்கிக் குடு. நல்ல பையன், அடுத்த வருசமும் காத்திருக்கட்டும்."

ஐம்பத்தெட்டு வயதுப் பையன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அங்கிள் இன்னும் லேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஓடி வர்றப்போ… ஒரு மாதிரி, டான்ஸ் மாதிரி இருக்கு," என்றார்.

"அம்பது வருசமா இருக்கு. அடுப்ப அணைச்சீங்களா?"

அங்கிள் யோசித்தார். "இன்னும் பத்தவே வைக்கல. இன்னிக்கு மீன் கெடையாது."

"அப்ப தேக்காவுக்குப் போறோம். எல்லாரும்."

பைகளை நான் எடுத்துக்கொண்டேன், இந்த முறை இரண்டையும் திறந்து பார்த்துவிட்டு. பழைய பந்தை மூடப் போனபோது ஆன்ட்டி தடுத்தார். அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 256 எடுத்த பந்து. பழைய காலத்துப் பிளாஸ்டிக், இதுவும் வளையாதாம், நேராகத்தான் போகுமாம். அதைத் தூக்கிக்கொண்டு, பந்துகளுக்குத் துளையிடும் ஆள் இருக்கும் கடை மேசைக்கு விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இந்த மூணு ஓட்டையையும் அடைச்சுடுங்க. எடது கைக்குப் புதுசா போடணும்," என்றார் ஆங்கிலத்தில். பிறகு இடது கையை விரித்து, அளவெடுக்க நீட்டினார். "அடுத்த சனிக்கிழமைக்குள்ள வேணும். மூலைய அடிக்கறதுக்கு."