கைக்கு எட்டாத தூரம்

பல்லக்காவுக்குக் கோபம் வந்தால் மூக்குக்கு மேலே நிற்கும் என்பார்கள். பொய். மூக்கு வரை ஏறிப் போக அந்தக் கோபத்துக்குப் பொறுமை கிடையாது. நேரே வலது கைக்கு வந்துவிடும்.

அந்தக் கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை தழும்பு. நாய் கடித்த இடம் கிழிந்து, தைத்து, கோணலாக ஆறியிருக்கும். பூனை கடித்த இடம் ஊசி குத்தின மாதிரி சின்னதாக இருக்கும். ஆனால் பூனைக் கடிதான் மோசம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாள் கை தலையணையாக வீங்கிக் கிடக்கும். இத்தனை கடியையும் அவள் வாங்கியது ஒரே வேலையில். பிராணிகள் மருத்துவமனையில் நாய்க்கும் பூனைக்கும் பல் சுத்தம் செய்கிற வேலை.

"நாய்க்குப் போய் பல் விளக்குவாங்களா?" என்று பல்லைக் காட்டிச் சிரிப்பவர்களை அவள் சும்மா விடமாட்டாள். கழுத்தைப் பிடித்துக் குனியவைத்து நாயின் வாயருகே கொண்டுபோவாள். "மோந்து பாருங்க. எப்படியிருக்கு? இந்த நாத்தத்தோடதான் அது தினமும் உங்க முகத்த நக்குது. ஈறு அழுகி, எலும்பு கரைஞ்சு, வலியோட சோறு திங்குது. உங்க வாய ஒரு வருஷம் கழுவாம வச்சிருந்து பாருங்க, வீட்டுல உங்களத்தான் சங்கிலில கட்டிப் போடுவாங்க." கேட்டவர் பேயறைந்த மாதிரி எழுந்து போய், உடனே நாள் குறித்துக்கொள்வார்.

இத்தனை வருஷத்தில் ஒரு நாயை அவள் அடித்ததில்லை. விரல் எலும்பு தெரியக் கடித்த நாயைக்கூட ஒரு அதட்டல் போட்டதில்லை. "கோபத்துல கடிக்கல. பயத்துல கடிக்குது, இல்லன்னா வலில கடிக்குது" என்பாள். அடிவாங்கின நாய் எது என்று வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். உதட்டைத் தூக்கிப் பார்க்கக் கையை உயர்த்தினால் மற்ற நாய்கள் கையைப் பார்க்கும். அடிவாங்கின நாய் கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தாழ்த்தும். ஒருமுறை இரும்புக்கடைக்காரர் ஒருவர் கொண்டுவந்த நாய் அப்படித் தலையைத் தாழ்த்தியது. வாயைத் திறந்தால் கோரைப் பல் வேரோடு பிளந்திருக்கிறது. பூட்ஸ் காலால் உதைத்த உதை. பல்லக்கா நாயைக் கீழே இறக்கிவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, இரும்புக்கடைக்காரரின் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அந்த ஆள் நாற்காலியோடு சாய்ந்தார். டாக்டர் ஓடி வந்து காலில் விழாத குறையாகச் சமாதானம் பேசி அனுப்பினார்.

"அடி வாங்குன நாய் எப்பவும் கைக்கு எட்டாத தூரத்துலதான் உக்காரும்," என்று அன்றைக்கு மகளிடம் சொன்னாள். "கூப்பிட்டா வால ஆட்டும், பக்கத்துல வராது. அதுகிட்ட போகக் கூடாது, கூப்பிடவும் கூடாது. உள்ளங்கைய மேல காட்டி, கைய தாழ வச்சுட்டு சும்மா இருக்கணும். அதுவா வரணும்."

மகள் தலையாட்டினாள். எட்டடி தள்ளி நின்று தலையாட்டினாள் என்பதைப் பல்லக்கா கவனிக்கவில்லை.

ஆம், வீட்டில் அந்தக் கை வேறு கை. இதைச் சொல்லாமல் அவளைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. சீப்பு, கரண்டி, செருப்பு, சுருட்டிய ஈரத்துண்டு என்று எது கையில் அகப்படுகிறதோ அது மகள் முதுகில் விழும். பால் பொங்கினால் அடி. பதில் சொன்னால் அடி, சொல்லாவிட்டால் திமிர் என்று இன்னொரு அடி. ஒருமுறை கதவில் மோதி மகளின் புருவம் கிழிந்தது. அந்தப் புருவத்தைக் கண்ணீர் விட்டபடியே தானே மருந்து போட்டு ஆற்றினாள். ஆறுவதற்குள் அடுத்த அடி விழுந்தது. பல்லக்காவின் முன்பல் ஒன்று பொய்ப்பல். சிறுமியாக இருந்தபோது அவள் அப்பா எறிந்த தம்ளரில் போன பல் அது. அந்தக் கதையை எல்லாருக்கும் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துச் சிரித்தே அதை மரத்துப்போகச் செய்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கணவன் கல்யாணமான புதிதில் கை ஓங்கினான், இவள் திருப்பி ஓங்கினாள், அவன் போனவன் போனவன்தான். மிச்சமிருந்தது மகள் ஒருத்தி. உயிரை வைத்திருந்தாள் அவள்மேல். அந்த உயிர் போகிற மாதிரி அடிக்கவும் செய்தாள்.

மகளையும் அதே மருத்துவமனையில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். மயங்கிக் கிடக்கிற நாயின் தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சையும் நாக்கின் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருப்பது மகள் வேலை. வீட்டில் எண்ணெயும் தண்ணீருமாக இருந்தவர்கள், அந்த மேசையில் மட்டும் ஒரே ஆளின் இரண்டு கைகளாக வேலை செய்தார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பல்லைச் சுரண்டும் கருவி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே ஓடும். அந்தத் தண்ணீரும் ரத்தமும் பல்லில் படிந்த காரையின் தூளும் தொண்டைக்குள் இறங்காமல் இருக்க, மயக்கத்தில் மூச்சுக்காகத் தொண்டைக்குள் விட்ட குழாயைச் சுற்றி ஒரு துணிச்சுருளை அடைத்து வைப்பாள் பல்லக்கா. அதன் வாலாக ஒரு நூல் உதட்டுக்கு வெளியே தொங்கும். வேலை முடிந்ததும் துணியை உருவி, "துணி வெளியே!" என்று உரக்கச் சொல்வாள். மகள் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, "துணி வெளியே!" என்று பதில் சொல்வாள். இரண்டு குரலும் கேட்ட பிறகுதான் குழாயை எடுப்பது. ஒரு நாளும் தவறியதில்லை.

அன்றைக்கு மேசையில் கிடந்தது மரக்கடை முதலாளியின் காவல் நாய். செல்லப் பெயர் தடியன். கன்றுக்குட்டி சைஸ். கடைவாய்ப் பல்லெல்லாம் காரை பாறையாகப் படிந்து, அதில் ஒன்று பிளந்து சீழ் கட்டியிருந்தது. டாக்டர் மயக்கம் கொடுத்து, குழாய் போட்டு, பிளந்த பல்லையும் பிடுங்கித் தைத்தார். எலும்பு நறநறவென்று நெரிந்து பல் வந்த சத்தத்தில் வாசலில் இருந்த முதலாளி எழுந்து தெருவில் போய் நின்றுகொண்டார். அதற்குள் வண்டியில் அடிபட்ட பூனை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். "மிச்சத்த நீங்க முடிங்கக்கா," என்று டாக்டர் அடுத்த அறைக்கு ஓடினார்.

பல்லக்காவின் இரண்டு கையும் நாயின் வாய்க்குள் இருந்தன. மகள் அந்த நேரம் பார்த்துத்தான் சொன்னாள்.

"அம்மா, எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரி. அங்கேயே ஹாஸ்டல். மாசக் கடைசில போறேன்."

சுரண்டும் கருவி நின்றது.

"யாரக் கேட்டு?"

"கேட்டா விடமாட்ட."

"போய்டுவியா நீ? உங்கப்பன் போன மாதிரி போய்டுவியா? பெத்து வளத்தவள விட்டுட்டு..."

"வளத்தியா? அடிச்சம்மா. அடிச்ச. பதினெட்டு வயசு வரைக்கும் வாங்கிக்கலாம்னு நெனச்சேன். இப்ப இருபத்திரண்டு."

கை போய்விட்டது. கையுறையோடு, நாயின் ரத்தத்தோடு, மேசைக்குக் குறுக்கே போய் மகளின் இடது கன்னத்தில் பளாரென்று இறங்கியது. ஸ்டூல் கவிழ்ந்தது. மகள் சுவரில் மோதி உட்கார்ந்து எழுந்தாள். கன்னத்தில் ஐந்து விரலும் சிவப்பாக ஒட்டியிருந்தன.

"என்னக்கா சத்தம்?" என்று அடுத்த அறையிலிருந்து டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல டாக்டர். ஸ்டூல் விழுந்துடுச்சு."

மகள் கதவைத் தாண்டிப் போய் வராந்தாவில் நின்றுகொண்டாள். பல்லக்கா கூப்பிடவில்லை. தலைமாட்டில் ஆளில்லாமல் பல் வேலை செய்யக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகச் செய்தாள். நாயைத் தானே மறுபக்கம் புரட்டிப் போட்டாள். புரட்டியபோது நாக்கு மடங்கி, நூல் வால் வாய்க்குள் போய்விட்டது. அவள் கண் அதில் இல்லை. போறாளாம், போகட்டும், எங்கே போய்விடுவாள் பார்க்கிறேன் என்று மனசு கொதித்துக்கொண்டே இருந்தது. மயக்க வாயுவை நிறுத்தினாள். மயக்கம் தெளிந்து நாய் விழுங்கப் பார்த்தது. குழாயை எடுக்கும் நேரம். "துணி வெளியே" என்று கத்த வேண்டிய இடம் அதுதான். கத்தினால் மகள் பதில் சொல்ல வேண்டும். தான் முதலில் வாயைத் திறப்பதா என்று ஒரு வீம்பு. வாயைத் திறக்காமலே குழாயை உருவினாள்.

தடியன் ஒருமுறை இழுத்தது. காற்று வரவில்லை. இன்னொரு முறை இழுத்தது. விலா எலும்பெல்லாம் உள்ளே போனது. பிறகு மேசையே குலுங்க உதைக்க ஆரம்பித்தது. தட்டு பறந்தது, கருவிகள் சிதறின. நாய் தரையில் விழுந்து, கண் பிதுங்கி, தன் முகத்தைத் தானே பிறாண்டிக்கொண்டது. நாக்கு நீலமாகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பல்லக்காவுக்கு உறைத்தது. துணி உள்ளே இருக்கிறது.

"பாப்பா!" என்று மகளைக் கூப்பிட்டு அலறினாள்.

அலறிக்கொண்டே முழங்காலால் நாயின் கழுத்தை அழுத்தி, தாடையைப் பிளந்து, வலது கையைத் தொண்டை வரை விட்டாள். விரலில் துணி தட்டியது. அந்த நொடி தாடை மூடியது. பாதி மயக்கமும் முழுப் பயமுமாக இருக்கிற காவல் நாய் கடித்தால் அது கடி இல்லை, எந்திரம். சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. அது தன் விரல் என்று அவளுக்குப் புரிவதற்குள் இன்னொன்று ஒடிந்தது. கையை வெளியே பிடுங்கப் பார்த்தாள். சதை கிழிந்தது.

"இழுக்காதம்மா! உள்ள தள்ளு! நீதான சொல்லுவ, உள்ள தள்ளு!"

டாக்டர் பூனையை விட்டு வருவதற்குள் மகள் வந்திருந்தாள். நாயின் முதுகில் ஏறி உட்கார்ந்து, கையில் அகப்பட்ட துடைப்பக் கட்டையைக் கடைவாய்க்குள் செருகி நெம்பினாள். பல்லக்கா வலியில் ஊளையிட்டுக்கொண்டே கையை இன்னும் உள்ளே தள்ளினாள். நாய்க்குக் குமட்டியது. தாடை ஒரு விரல் அளவு திறந்தது. உடையாத இரண்டு விரலால் துணியைக் கவ்வி இழுத்தாள். துணியும் கையும் ரத்தமுமாக ஒன்றாக வெளியே வந்தன.

தடியன் ஒரு பெரிய மூச்சு விட்டது. இன்னொன்று விட்டது. நாக்கில் சிவப்பு திரும்பியது.

மகள் விளக்கடித்துத் தொண்டையைப் பார்த்தாள். "துணி வெளியே," என்றாள். பல்லக்கா பதில் சொல்லப் பார்த்தாள். குரல் வரவில்லை. அப்படியே சரிந்துவிட்டாள்.

மனிதர்கள் ஆஸ்பத்திரியில் அவள் கண் விழித்தபோது பகல் வெளிச்சம் கட்டில் மேல் கிடந்தது. வலது கையை முழங்கை வரை கட்டி, கயிற்றில் தூக்கி மாட்டியிருந்தார்கள். இரண்டு விரல் இனி மடங்காது என்று அங்கிருந்த டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நாய் நன்றாக இருக்கிறது, மரக்கடை முதலாளியிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லியாகிவிட்டது என்று பிராணிகள் டாக்டர் வந்து சொன்னார். பல்லக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் கண் வேறொன்றில் இருந்தது. மகள் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முட்டி கட்டிலில் இடிக்கிற மாதிரி அவ்வளவு பக்கத்தில். எத்தனை வருஷமாயிற்று இவள் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. மனசு குளிர்ந்து போனது. விரல் போனால் போகிறது என்றுகூட நினைத்தாள்.

மகளின் கன்னத்தில் நாயின் ரத்தம் பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவக்கூட நேரமில்லை போலிருக்கிறது பிள்ளைக்கு. துடைத்துவிடலாம் என்று இடது கையை உயர்த்தினாள்.

மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையைத் தாழ்த்தினாள்.

பல்லக்காவின் கை அந்தரத்தில் நின்றது. இதை அவள் எத்தனை நாயிடம் பார்த்திருப்பாள். அப்போதுதான் தூக்கிக் கட்டியிருந்த வலது கையையும் ஒருமுறை பார்த்தாள். மகள் ஏன் இத்தனை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது புரிந்தது. அந்தக் கை இன்றைக்கு எட்டாது.

இடது கையை மெதுவாக இறக்கினாள். போர்வையின் மேல் தாழ வைத்து, உள்ளங்கையை மேலே திருப்பினாள். கூப்பிடவில்லை. சும்மா இருந்தாள்.

மகள் கண்ணைத் திறந்தாள். விரித்து வைத்திருந்த உள்ளங்கையை வெகுநேரம் பார்த்தாள். அந்த வித்தையைக் கற்றுக்கொண்டவள்தானே அவளும்.

"நான் நாய் இல்லம்மா," என்றாள்.

"தெரியும்டி," என்றாள் பல்லக்கா. "நாயா இருந்திருந்தா உன்ன அடிச்சிருக்கவே மாட்டேன்."

மகள் எழுந்து போய்க் குழாயடியில் கன்னத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். மாதக் கடைசி வரை தினமும் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அம்மாவின் கட்டை அவிழ்த்த அன்றைக்கு வேலை கிடைத்த ஊருக்குப் போய்விட்டாள்.