பழசு உங்க கையில

“எறங்கு சாமி, எறங்கு. உன்னைய இங்க யாரும் அடிக்க மாட்டாங்க” என்று படகு மோட்டாரின் அடியில் இருக்கும் பிளக்கிடம் சொல்லிக்கொண்டே சவரியார் மெழுகுவர்த்தியைச் சீவுகிறார். பிளக் கட்டைவிரல் நகம் அளவுதான். ஆனால் அதைக் கழற்றாமல் கியர் ஆயில் மாற்ற முடியாது. அலுமினிய உடம்பில் இரும்பு பிளக், வருடக்கணக்கில் ஆற்றுத் தண்ணீரில் ஊறி ஒட்டிப்போயிருக்கும். போதாக்குறைக்கு, படகுக்காரர்கள் யாராவது முன்பே திருப்புளியோடு மல்லுக்கட்டி அதன் தலையை வழித்து வைத்திருப்பார்கள்.

அவர் அவசரப்படுவதில்லை. பிளக்கைச் சுற்றி மட்டும் இளஞ்சூடு காட்டுவார். மெழுகுத் துண்டை ஓரத்தில் வைத்ததும் அது உருகி மரைக்குள் இறங்கும். பிறகு கால் சுற்று முன்னே, அரைக்கால் சுற்று பின்னே. மெழுகுவர்த்தியெல்லாம் மாதா கோயிலில் எரிந்து மீந்த அடிக்கட்டைகள். “மாதாவுக்கு ஏத்துனது, மோட்டாருக்கு ஆவாதுங்களா?” என்று கேட்பார். என் காருக்கும் அதே வைத்தியம்தான் நடந்தது. கார் என்ன மதம் என்று அவர் கேட்கவில்லை.

வயது ஐம்பத்தெட்டு. சேலத்துக்காரர். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் முப்பது வருடம் ஆயிலில் குளித்துவிட்டு, குமாரபாளையத்தில் காவிரிக்கரை ஓரமாகத் தகரக் கொட்டகை போட்டவர். மனிதர், நாய், நட்டு, போல்ட்டு எல்லாமே அவருக்குச் சாமிதான். டீயை ஆறவைத்து, ஆறிவிட்டதே என்று டீக்கடைக்காரரைத் திட்டிவிட்டுத்தான் குடிப்பார். கொட்டகையில் ஆற்றைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. அதைத் தகரம் வைத்து அடித்துவிட்டார். வெயிலுக்காக என்று நினைத்திருந்தேன்.

வேலை முடிந்ததும் ஒரு சடங்கு. பிளக்குக்கு அடியில் கசிவை அடைக்கும் வாஷர் ஒன்று இருக்கும்; கழன்று வந்த அந்தப் பழைய வாஷரைத் துணியில் துடைத்து, மோட்டார்க்காரரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிடுவார். “பழசு உங்க கையில, புதுசு உள்ளார. பாத்துக்குங்க சாமி.” சொன்ன வேகத்தில் கையை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்பிவிடுவார். வாங்கியவர்கள் தெருமுனையில் அதை வீசிவிட்டுப் போவார்கள். நானும் வீசினேன்.

இந்தச் சடங்கு எதற்கு என்று ஒரு மத்தியானம் கேட்டேன். மெழுகு இறங்கட்டும் என்று காத்திருந்த நேரம். பிளக்கைப் பார்த்தபடியே சொன்னார்:

“லாரியில வாசர் கெடைக்கலீன்னா பழசையே திருப்பிப் போட்டு ஒரு தட்டுத் தட்டி உட்ருவோமுங்க. ஒழுகுனா தரையில சொட்டும், கண்ணுக்குத் தெரியும். ஆரும் சாவ மாட்டாங்க. படகு மோட்டாரு அப்படி இல்லீங்க. ஆயிலு வெளிய வராது, தண்ணி உள்ள போவும். வெளிய ஒண்ணுமே தெரியாது.”

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆடி வெள்ளத்தின்போது நடந்தது அது. அதற்கு நாற்பது நாள் முன்புதான் ஒரு படகு முதலாளி நின்ற இடத்தில் மோட்டார் வேண்டும் என்று நெருக்கியிருக்கிறார். புது வாஷர் கைவசம் இல்லை. முப்பது வருடக் கை, தானாகப் பழசைத் திருப்பிப் போட்டுவிட்டது. வெள்ளத்தில் அக்கரையில் மாட்டிக்கொண்ட ஆறு பேரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மிச்சம் இருப்பவர்களை அழைத்துவரத் தனியாகத் திரும்பினான், அந்தப் படகை ஓட்டிய யோகேஷ். இருபத்தாறு வயது. நடு ஆற்றில் மோட்டார் இறுகி நின்றது. படகு பாலத்தூணில் மோதியது. மூன்றாம் நாள் உடம்பு கிடைத்தது.

மோட்டார் பழுதுபார்க்க மறுபடி சவரியாரிடமே வந்தது. பிளக்கைக் கழற்றினார். டீ நிறத்தில் ஆயிலும் தண்ணீரும் கலந்து கொட்டியது. கூடவே அவர் தட்டிப் போட்ட வாஷர். “மெழுகே தேவப்படல, சாமி. கைய வெச்சதும் கழண்டுக்கிச்சு” என்றார். அந்த வாஷரைத் தைல டப்பா ஒன்றில் போட்டு மூடிவைத்துவிட்டார்.

படகு முதலாளி ஊர் முழுக்கச் சொன்னது வேறு. பையன் போதையில் ஓட்டினான் என்றார். ஊரும் நம்பியது. சவரியார் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அத்தனை பேருக்கும் பழசைக் காட்டுகிறவர், காட்ட வேண்டிய ஒருத்திக்குக் காட்டவில்லை. அதை அவரிடமே சொன்னேன். “தெரியுமுங்க” என்றார்.

அந்த ஒருத்தி, யோகேஷின் அம்மா பூவாத்தாள். விசைத்தறியில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றுகிறவர். ஷிப்ட் விட்டுப் போகும்போது கொட்டகை ஓரம் வந்து நிற்பார். மோட்டார்கள் வருகிற இடம் என்பதால் வருகிறாரோ என்னவோ. வேலையைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பிறகு, எப்போதும் அதே கேள்வி: “ஏனுங்ணா, மோட்டாரு எதனால நின்னுதுன்னு ஆருக்குமே தெரியாதுங்களா? எம் பையன் பீடி கூடக் குடிக்க மாட்டானுங்ணா.” சவரியார் தலை நிமிராமல், “ஊட்டுக்குப் போங்க அம்மணி, வெயிலு” என்பார்.

போன வாரமும் வந்தார். மீன் குத்தகைக்காரர் தங்கசாமியின் மோட்டார் அப்போதுதான் முடிந்திருந்தது. பழைய வாஷரைக் கையில் வாங்கிய தங்கசாமி, பூவாத்தாளைப் பார்த்துவிட்டு அவர் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்: “குடிச்சுப்போட்டு ஓட்டுனா எந்த மோட்டாரு என்னங்க பண்ணும்?”

பூவாத்தாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பினார். இந்தத் தடவை அவர் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை.

“அம்மணி, நில்லுங்க” என்றார் சவரியார். கையிலிருந்த ஆயிலைத் துடைத்தார். பலகைக்குப் பின்னாலிருந்து தைல டப்பாவை எடுத்துத் திறந்தார். வாஷரைத் துணியில் துடைத்தார். பூவாத்தாளின் உள்ளங்கையில் வைத்தார்.

“இது யோகேசு மோட்டாருல இருந்துதுங்க. பழசு. புதுசு நான் போடலீங்க அம்மணி.”

பூவாத்தாள் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேர் கையில் பழைய வாஷர் வைக்கப்படுவதை நின்று பார்த்தவர் அவர். சவரியார் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். மடக்கிய கையை, வழக்கம்போல் விட்டுவிடாமல், பிடித்துக்கொண்டே நின்றார்.