ரோசியின் இடது கை

என் வீட்டுக்காரர் தனசேகர் கால் முறிந்து படுத்திருந்தபோது அவருடைய பாடு வந்தது. எங்கள் ஏரியில் இறால் வலை போட முறை உண்டு. அந்த முறையைத்தான் பாடு என்போம். தவறினால் தவறியதுதான். பக்கத்து வீட்டுச் சாம்சன் அவர் பெயரில் வலை போட்டு, பிடித்த இறாலை எங்கள் வாசலில் வைத்துவிட்டுக் கூப்பிடாமலே போய்விட்டான். கூடையில் கட்டியிருந்த அவனுடைய பச்சைக் கயிற்றைப் பார்த்துத்தான் அவன் என்று தெரிந்தது.

அப்படிப்பட்டவனுக்கு ரோசி பிறந்தாள். ஏழு மாதமாகியும் இடது கையை மடக்கியே வைத்திருந்தாள். எதை நீட்டினாலும் வலது கைதான் வரும். "விளையாட்டு காட்டி அந்தக் கையை வேலை வாங்குங்க. இப்பவே பழக்கணும், விட்டுடாதீங்க" என்று நர்ஸ் அம்மா சொன்னார்.

அவன் மனைவி ஜாக்குலின் கம்பெனி வேலைக்குப் போகிறவள். பாடு இல்லாத நாளெல்லாம் பிள்ளை சாம்சனிடம்தான். வலை மிதவையைக் கயிற்றில் கட்டி அவள் இடது பக்கம் ஆட்டுவான். விரல்களை நண்டு மாதிரி அந்தக் கையில் ஏறவிட்டு அக்குளில் கூச்சம் காட்டுவான். வலையை முகத்தில் போட்டு, "நைனா எங்க? காணோமே!" என்பான். அவள் சிரிப்பாள். கை மட்டும் வராது.

"இன்னா மாமே, கிலுகிலுப்பை ஆட்டற பாடா இன்னிக்கு?" என்று துறைக்குப் போகிறவர்கள் கேலி செய்வார்கள்.

"ஆமாண்டா, இந்தப் பாட்டை நான் யாருக்கும் விட்டுத் தரமாட்டேன்" என்பான்.

இரண்டு மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலில் மந்திரித்துக் கொடுத்த பன்னோடு நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாம்சன் பிள்ளையை மடியில் வைத்து, வலது கை நீளாதபடி அதில் மிதவையைக் கொடுத்துப் பிடித்திருந்தான். நான் பன்னைக் கிள்ளி நீட்டினேன். ரோசியின் இடது கை மெல்ல எழும்பியது. விரல்கள் விரிந்தன.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷம். அந்தக் கையைத் தட்டிவிட்டு, "சாமி பன்னுடி கண்ணு, சோத்தாங்கையால வாங்கு" என்றேன்.

"அக்கா! இன்னாக்கா பண்ணிட்ட?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவன் திட்டவில்லை. "அழாதக்கா. வந்துச்சில்ல? வழி தெரிஞ்ச கை, மறுபடி வரும்" என்றான். ஆனால் அவன் முகம் வாடியிருந்தது.

அந்த வாரம் முழுக்க அந்தக் கை வரவில்லை. நான் தினமும் ஜெபமாலை சொன்னேன். அவன் தினமும் மிதவையை ஆட்டினான். அடுத்த செவ்வாய் பன்னோடு போய், இந்த முறை அவளுக்கு இடது பக்கமாக உட்கார்ந்து நீட்டினேன். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு இடது கையால் வெடுக்கென்று பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, உன்கிட்ட ரோசப்பட்டுக்கினு இருந்திருக்கா!" என்று சாம்சன் சத்தமாகச் சிரித்தான். கண் மட்டும் கலங்கியிருந்தது. எந்தக் கையால் வாங்குகிறாள் என்று அந்தோனியார் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

போன வைகாசியில் ஜாக்குலினின் கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போனார்கள். ஷேர் ஆட்டோவில் ரோசி அப்பன் மடியில் இருந்தாள். வழியனுப்ப நான் வலது கையைத் தூக்கினேன். சாம்சன் தலையை வெளியே நீட்டிச் சொன்னான்:

"அக்கா, பொண்ணு பீச்சாங்கையில டாட்டா காட்டறா பாரு. நீயும் அந்தக் கையிலயே காட்டுக்கா."