வெறும் சல்லடை

மோதிர விரலைத் துடைத்து, ஊசியால் ஒரு குத்து குத்தி, ரத்தச் சொட்டைச் சர்க்கரை அளக்கும் கருவியில் வைக்கிறார் மாஸ்டர். இரண்டு மணி நேரத்துக்கு முன், வெறும் வயிற்றில், தான் சுட்ட கேக்கில் ஒரு துண்டு தின்றிருக்கிறார். "நூத்தி இருபத்தொண்ணு. பாஸ்!" ஓவன் பக்கத்தில் கயிற்றில் தொங்கும் நோட்டில் எண்ணை எழுதுகிறார். அவர் உடம்பில் தேறாத கேக் பேக்கரியின் முன்பக்கம் வராது.

அவருக்கும் சர்க்கரை வியாதி, தங்கைக்கும் அதே. "அப்பா வீட்டைத் தங்கச்சிக்கு எழுதி வெச்சாரு. சர்க்கரையை மட்டும் ஓரவஞ்சனை இல்லாம ரெண்டு பேருக்கும் குடுத்துட்டாரு" என்பார். எனக்கும் உண்டு. அதனால்தான் நாலு கடை தாண்டி இங்கே வந்து பழியாய்க் கிடக்கிறேன்.

மைதாவுக்கு இங்கே வேலையில்லை, பாதாம் மாவுதான். "இதுக்கு முதுகெலும்பு கிடையாதுங்க. முட்டைதான் தூக்கி நிறுத்தணும்" என்று, கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு வெள்ளைக்கருவை அடிக்கிறார். சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்புத் தூள் கொஞ்சம் கூடினாலும் நாக்கு சில்லென்கிறது. அதை எலுமிச்சைத் தோல் துருவலால் சரிக்கட்டுகிறார். சுட்ட கேக் ஆறும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. அவசரப்பட்ட எனக்கு ஒருமுறை கிடைத்தது: "இப்ப வெட்டினா பொலபொலன்னு உதிரும். ஸ்பூன்ல அள்ளித் திங்கப் போறீங்களா?"

இவ்வளவு உஷாரான மனிதர்தான் போன வருடம் கோட்டை விட்டார். தங்கையின் ஐம்பதாவது பிறந்தநாள். கேக்குக்குள் இம்மி சர்க்கரை இல்லை. கடைசி நிமிடத்தில், முப்பது வருடப் பழக்கத்தில், கை தன்பாட்டுக்குச் சல்லடையை எடுத்து ஐசிங் சர்க்கரையை மேலே வெள்ளை வெளேரென்று தூவிவிட்டது. அதுவும் இனிப்புத் தூள்தான் என்று நம்பித் தங்கை மூன்று துண்டு தின்றார். கருவி முந்நூறைத் தாண்டியது. "இனிமே உன் கையால ஒண்ணும் வேண்டாம்ணா" என்று அன்று சொன்னவர், ஒரு வருடமாகக் கடைக்கு வந்தாலும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போகிறார்.

மறுநாளே ஐசிங் சர்க்கரை கடையை விட்டு வெளியேறியது. ஆனால் கை கேட்க வேண்டுமே! ஒவ்வொரு கேக்கும் முடிந்ததும் வெறும் சல்லடையை மேலே பிடித்து இரண்டு தட்டுத் தட்டுகிறார். "அடக்கிப் பாத்தேன், முடியலைங்க. வெறுமனே தட்டிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." தன் கையைத் தானே காவல் காக்கும் இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இன்று தங்கைக்கு ஐம்பத்தொன்று. மேஜையில் கேக் ஆறிக் காத்திருக்கிறது. தங்கை அதைத் தொடவில்லை. கயிற்றை அவிழ்த்து நோட்டை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார். மாஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இத்தனை தடவையா விரலைக் குத்திக்கிட்டே?"

"உனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி…"

தங்கை எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த சல்லடையை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அதை அண்ணன் கையில் திணித்துவிட்டுக் கத்தியைத் தான் எடுத்துக்கொள்கிறார்.

"தூவுண்ணா. நான் வெட்டணும்."