தாயிஃப் திராட்சைப் பந்தலில் இளந்தென்றல்

தாயிஃப் மலையில் ஒரு திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தமிழ் இணையக் குழுவில் தினமும் என்னோடு மல்லுக்கு நிற்கும் இளந்தென்றல் ரியாத்திலிருந்து வருகிறார். அவர் இன்ஜினியர். நான் எட்டாவதோடு நின்றவன், ஜித்தாவில் டயர் மாற்றுகிறேன். எழுதும்போது அழித்துத் திருத்திக்கொள்ளலாம். நேரில் உளறிவிட்டால்? முகமும் தெரியாது. குழுவில் தன் படத்துக்குப் பதிலாக அவர் ரோஜாவை வைத்திருக்கிறார், நான் சிங்கத்தை. மொபைலுக்கு இங்கே டவரும் இல்லை.

பந்தலின் மறுகோடியில் பெரிய மீசைக்காரர் ஒருவரும் வாசலையே பார்க்கிறார்.

தோட்டத்துக்காரரான அரபுக் கிழவர் உடைந்த இந்தியில் என்னைக் கேட்கிறார். "தோஸ்த் வரலையா?"

"இன்னும் வரலை, பாபா."

"அந்த மத்ராஸியோட தோஸ்தும் வரலை. நீங்க ரெண்டு பேரும் தோஸ்த் ஆயிடுங்க, கலாஸ், முடிஞ்சுது."

தயங்கித் தயங்கிப் போகிறேன். அந்த மீசையைப் பார்த்து இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. "அண்ணே, நீங்க இளந்தென்றலா?"

அவர் என் ஒல்லி உடம்பை மேலும் கீழும் பார்க்கிறார். "அப்ப நீதான் சிங்கமா? குழுவுல நீ போடுற போடுக்கு, நேர்ல என்ன பேசுறதுன்னு எனக்குத் தூக்கமே இல்லப்பா."

"எனக்கும்தாண்ணே."

கட்டிப்பிடித்துக்கொள்கிறோம். பிரியாணிக்குத் தக்காளி போடலாமா கூடாதா என்று குழுவில் பாதியில் நின்ற சண்டை தானாகவே தொடங்கிவிடுகிறது. என் குரல்தான் ஓங்கி நிற்கிறது. கிழவர் பதறி ஓடிவந்து, ஆளுக்கொரு திராட்சைக் கொத்தைக் கையில் திணித்து, எங்கள் நடுவில் நிற்கிறார்.

"சண்டை வேண்டாம். உங்க தோஸ்துங்க வந்துடுவாங்க."