வீடு தெரிந்த மாடுகள்

மதுவிலக்கு இருந்த காலம் என்பார்கள். அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் பின்னாலிருந்த ஓடைப் புதருக்கு அந்தச் சேதி கடைசிவரை போய்ச் சேரவில்லை. ஆடு விற்ற கையோடு நானும் என் கூட்டாளியும் அங்கே சாராயம் குடித்துவிட்டு, மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் மல்லாந்துவிடுவோம். தாடிக்கொம்புப் பக்கத்து எங்கள் ஊருக்கு மாடுகளே வழி பார்த்துப் போகும். முதலில் அவன் வாசலில் நிற்கும். அவன் உருண்டு இறங்கியதும் என் வாசலுக்குப் போகும். இருபது சொச்சம் வயதில் வண்டியோட்டுவதில் எனக்கிருந்த திறமை இவ்வளவுதான்: தூங்குவது.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவன் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினான். புதர்ப் பழக்கம் மாறவில்லை. முதல் முறை குடித்துவிட்டு ஓட்டி, கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தோம்.

"பாத்தியா மாப்ளே, போட்டாத்தான் கை நடுங்காம நிக்குது."

"எனக்கும் ஒன் பின்னால உக்கார தைரியம் வருதுல்ல," என்றேன்.

அதன்பின் ஒவ்வொரு வாரமும் வீடு வந்து சேர்ந்ததே எங்களுக்கு அத்தாட்சி. பாதை காலியாக இருந்தது, எதிரே லாரி வரவில்லை என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. எல்லாம் சாராயத்தின் சாமர்த்தியம். அவன் அம்மா மட்டும், "செத்த நேரம் அங்கனயே படுத்துக் கெடந்துட்டு வந்தா என்னடா?" என்பாள். சிரிப்போம்.

ஒரு சந்தை நாள் பிற்பகல். ஊருக்குப் பிரியும் புளியமரத்து முக்கு வந்தது. மாடுகள் தாமாகவே திரும்பும் இடம். அவன் கைப்பிடியைத் திருப்பவில்லை. நல்ல வெளிச்சம், கண்ணும் திறந்துதான் இருந்தது. வண்டி தானே திரும்பும் என்று காத்திருந்தவன் போலிருந்தான். பின்னால் நானும் அப்படித்தான் காத்திருந்தேன்.

எனக்கு முன்பற்கள் போயின. இந்த முகத்துக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. அவன் மரத்தடியிலேயே முடிந்துபோனான்.

காயம் ஆறியதும் மறுபடி மாட்டு வண்டியில் சந்தைக்குப் போனேன். குடிக்கவில்லை. திரும்பும்போது மாடுகள் அந்த முக்கில் திரும்பி, வழக்கம்போல அவன் வாசலில் நின்றன. அதட்டினேன், வாலை முறுக்கினேன். நகரவில்லை.

கழுத்து மணிச் சத்தம் கேட்டு அவன் அம்மா வெளியே வந்தாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வைக்கோலைக் கையால் ஒதுக்கியும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "எறங்குய்யா, சாப்டுட்டுப் போ," என்றாள்.

இறங்கினேன். வண்டி லேசானதும் மாடுகள் என்னை அங்கேயே விட்டுவிட்டு என் வீட்டுக்குக் கிளம்பிப் போயின.