மூக்குக்கண்ணாடிக்கு வரிச்சலுகை

வருமான வரியே இல்லாத ஷார்ஜாவில் வரிச்சலுகை கேட்டு விண்ணப்பம் எழுதிய ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

எழுதியது எங்கள் கம்பெனி டிரைவருக்காக. ராமநாதபுரத்துக்காரர். ஆள் ஒல்லி, சட்டைப் பைக்கு மட்டும் தொப்பை. வண்டி கழுவிய ரசீது, பார்க்கிங் சீட்டு எல்லாம் அதில்தான். சிக்னலில் நின்றால் அதைத் தடவிக்கொண்டே இருப்பார். லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் கண்ணாடி போடச் சொல்லிவிட்டார்கள். மகளின் பள்ளிக்கூடத்துக்கு வைத்திருந்த முந்நூறு திர்ஹாம் ரோலா கடைத்தெருவில் கண்ணாடிக்குப் போய்விட்டது.

"கம்பெனி குடுக்குமா சார்?"

"டூட்டிக்கான செலவுங்க. வருமானத்துல கழிச்சே ஆகணும்" என்றேன். சென்னையில் படித்த வரிச் சட்டம் அப்படித்தான் சொன்னது. இரண்டு பக்கம், ஆங்கிலத்தில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன்.

ஒரு மாதம் பதில் இல்லை. தினமும் வண்டியின் கண்ணாடி வழியே டிரைவர் என்னைப் பார்ப்பார். நான் ரோட்டைப் பார்ப்பேன்.

ஒருநாள் மேனேஜரை ஏர்போர்ட்டுக்கு அழைத்துப்போனபோது டிரைவரே இந்தியில் பணத்தைக் கேட்டுவிட்டார். மேனேஜர் பர்ஸிலிருந்தே எடுத்துக் கொடுத்தாராம்.

"என் லெட்டரப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

"சொன்னாரு சார். இல்லாத வரியில எப்படிக் கழிக்கிறதுன்னு தெரியாமத்தான் ஒரு மாசமா வச்சிருந்தாராம். சும்மா வாயால கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பாராம்."